முள்ளெலி எழுந்ததும் சொல்ல வேண்டியது

பெரம்பலூர்
03.06.2025

அனுப்புநர்:
ச. சுதர்சன், எம்.ஏ., பி.எட்.,
ஆங்கில ஆசிரியர் (விருப்ப ஓய்வு),
வெங்கடேசபுரம், பெரம்பலூர்.

பெறுநர்:
திரு. கா. ரஹ்மத்துல்லா,
பிளக்ஸ் அச்சக உரிமையாளர்,
ஜெயங்கொண்டம் சாலை, அரியலூர்.

பொருள்: 1984-85ஆம் கல்வியாண்டில் தங்களால் வரையப்பட்ட பதினேழு பென்சில் படங்களை நூலில் சேர்க்க இசைவு கோருதல் தொடர்பாக.

ஐயா,

ஒன்பதாம் வகுப்பில் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து நாம் இருவரும் படித்த ஆங்கிலச் சிறுவர் நாவல் தங்களுக்கு நினைவிருக்கலாம். நீர்நாய், முள்ளெலி, கிழ நாரை ஆகிய மூவரின் கதை. ஓடையின் இக்கரையில் நீர்நாய், அக்கரையில் முள்ளெலி, நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு இருவரையும் வைதுகொண்டிருக்கும் நாரை. அதை நான் தமிழில் மொழிபெயர்த்திருக்கிறேன். ஏழு வருடம் ஆனது. பள்ளியில் எனக்குப் பின்னால் சேர்ந்தவனைத் தலைமை ஆசிரியராக உட்கார வைத்த பிறகு எனக்கு நேரம் நிறைய இருந்தது.

சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் இதை வெளியிட ஒப்புக்கொண்டது. அவர்கள் ஏற்பாடு செய்த ஓவியர் முள்ளெலிக்குத் தொப்பியும் கோட்டும் போட்டு அனுப்பினார். பார்ப்பதற்கு அன்னாசிப் பழம் அலுவலகம் போவது போல் இருந்தது. நாரை எப்படி நிற்க வேண்டும் என்று விளக்குவதற்காக நான் என்னிடம் இருந்த தங்களுடைய பழைய நோட்டை எடுத்துப்போனேன். பதிப்பாசிரியர் வெற்றிச்செல்வி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதை யாரு வரைஞ்சது? எனக்கு இதுதான் வேணும். இது இல்லாம புத்தகம் போடுறதா இல்ல" என்று சொல்லிவிட்டார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

எனவே இத்துடன் இணைத்துள்ள இசைவுப் படிவத்தில் கையொப்பமிட்டு, ஜூலை 15க்குள் அவர்களுக்குக் கிடைக்கும்படி அனுப்பி உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன். பதினெட்டு அத்தியாயங்களில் பதினான்காவதற்குத் தாங்கள் படம் வரையவில்லை. அதை விட்டுவிடலாம்.

இது முற்றிலும் புத்தகம் தொடர்பான கடிதம். வேறு எதையும் ஊகிக்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
ச. சுதர்சன்


அரியலூர்
09.06.2025

அனுப்புநர்: மேற்படி கடிதத்தின் பெறுநர்.
பெறுநர்: மேற்படி கடிதத்தின் அனுப்புநர்.
பொருள்: மூன்று வருடம் கழித்துப் பதிவுத் தபால் வந்ததில் ஏற்பட்ட அதிர்ச்சி தொடர்பாக.

ஐயா,

தபால்காரர் ஒப்புகை அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது ஏதோ வழக்கு என்றுதான் நினைத்தேன். நஜீமா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அனுப்புநர் பெயரைப் பார்த்துவிட்டு, "அட, கோர்ட்டு இல்லீங்க, உங்க கூட்டாளி. கோர்ட்டே தேவலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

படங்கள் நினைவிருக்கின்றன. நீர்நாய் எப்படி இருக்கும் என்று தெரியாமல் திருமானூர் கொள்ளிடக் கரைக்குச் சைக்கிள் மிதித்துப் போனோம். காலையிலிருந்து மாலை வரை ஒன்றும் தலை காட்டவில்லை. தங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் கிருஷ்ணம்மாள் அம்மா நம் இருவர் முதுகிலும் ஆளுக்கு இரண்டு வைத்துவிட்டுத்தான் சோறு போட்டார்கள். முள்ளெலி பிரச்சினையே இல்லை. குன்னம் பக்கம் வெங்காயக் காட்டில் பிடித்து உன்னுடைய (மன்னிக்கவும், தங்களுடைய) புத்தகப் பையில் போட்டுக் கொண்டுவந்தோம். அது குளிர்காலம் முழுக்கத் தூங்கும் என்று நாவலில் எழுதியிருந்ததை நம்பி, மார்கழியில் அதைச் சாக்கில் சுற்றி வைத்தோம். அது இரவெல்லாம் சாக்கைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

பதினான்காவது அத்தியாயத்துக்கு ஏன் வரையவில்லை என்றும் நினைவிருக்கிறது. முள்ளெலி நான்கு மாதம் தூங்கி எழுகிறது. தூங்கும்போது நாரை பனியில் செத்துப்போயிருக்கிறது. அதை நீர்நாய் போய்ச் சொல்ல வேண்டும். அந்த முகத்தை வரைய எனக்குத் தெரியவில்லை. பதினான்கு வயதில் யாருக்குத் தெரியும்?

படிவத்தில் கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிடம் ஆகாது. அதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். ஊரில் முகம் தெரிந்தவன், தெரியாதவன் எல்லோருக்கும் சொன்னீர்கள். அம்மா இறந்ததை எனக்கு ஏன் சொல்லவில்லை?

ரஹ்மத்துல்லா


பெரம்பலூர்
12.06.2025

திரு. ரஹ்மத்துல்லா அவர்களுக்கு,

கேள்வியைத் திருப்பிப் போடும் திறமை ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது கற்றதாக இருக்க வேண்டும்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது. என் மைத்துனன் செந்தில்குமார் நாட்குறிப்பிலிருந்த எண்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுச் சொன்னான். நான் அவனிடம் தனியாகக் கேட்டேன்: "ரகமத்துக்குச் சொல்லிட்டியாடா?" "சொல்லியாச்சு மாமா." இது நடந்தது அம்மா கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தபோது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகு நான் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உறவுக்காரர்கள் "எடுத்துடலாமா?" என்று கேட்டபோதெல்லாம் இன்னும் அரை மணி போகட்டும் என்றேன். யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மூன்றரை மணிக்கு எடுத்துவிட்டோம். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு ஒரு மணி நேரப் பயணம்.

அன்று வரவில்லை. மறுநாள் வரவில்லை. பத்து நாளும் வரவில்லை. ஐந்து வருடம் தினமும் மதியம் அந்தக் கையால் சாப்பிட்டவர். லெப்பைக்குடிகாட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றுடப்பாவைத் திறக்கவே விடமாட்டார்கள் அம்மா. "ஆறிப்போனத எதுக்குத் திங்கிற, இங்க வந்து ஒக்காரு" என்பார்கள். அதையாவது நினைத்திருக்கலாம்.

பன்னிரண்டாம் நாள் போனில் ஒரு படம் வந்தது. உங்கள் மகள் அஃப்ஷானின் நிக்காஹ் பத்திரிகை. மேலே ஒரு வரி கிடையாது, கீழே ஒரு வரி கிடையாது. நூறு பேருக்குத் தள்ளிவிட்டதில் எனக்கும் ஒன்று. அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஷார்ஜாவுக்கு வாரம் இரண்டு முறை போன் போட்டு இந்த நாவலைத்தான் படித்துக் காட்டினேன். "சுதர்சன் மாமா, நாரைக்குக் கோவம் எப்பத்தான் போவும்?" என்று கேட்பாள். அவள் கல்யாணத்துக்கு எனக்கு வந்த அழைப்பு அது. சாவு வீட்டின் வாசலில் போட்ட பந்தல்கூட அப்போது பிரிக்கப்படவில்லை.

அன்றே உங்கள் எண்ணைத் தடுத்துவிட்டேன். அதனால்தான் பதிவுத் தபால்.

எனக்கு நிறைய மனத்தாங்கல்கள் உண்டு. பள்ளி நிர்வாகம், என் அண்ணன், வாக்காளர் பட்டியலில் என் பெயரை இரண்டு முறை நீக்கிய அதிகாரி, எல்லோர் மேலும் உண்டு. அவர்கள் யாரும் ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இல்லை.

கையெழுத்துப் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

சுதர்சன்


அரியலூர்
17.06.2025

சுதர்சன்,

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பிரதி. புத்தகம் நன்றாக வரட்டும். இதற்குப் பிறகு நீங்கள் எழுத வேண்டியதில்லை. ஆனால் நடந்ததை ஒரு முறை எழுதிவிடுகிறேன்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. செந்தில்குமார் குரலை நான் கேட்டே பல வருடம் ஆகிறது.

2022 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை. அன்று காலை முதல் பஸ்ஸில் பெரம்பலூர் வந்தேன். பையில் ஒரு கிலோ லட்டும் அஃப்ஷானின் கல்யாணப் பத்திரிகையும் இருந்தன. பத்திரிகையை என் கடையிலேயே அச்சடித்தேன். மிஷினிலிருந்து விழுந்த முதல் தாளை எடுத்து உறையில் போட்டு, உறைமேல் நானே பேனாவால் எழுதினேன்: "கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கு." உங்கள் பெயரை எழுதவில்லை. அம்மா இருக்கும்போது அந்த வீட்டில் வேறு யார் பெயருக்குப் பத்திரிகை வைப்பது?

பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி டீ குடிக்கப் போனேன். டீக்கடை ஓரத்துச் சுவரில் ஒரு கண்ணீர் அஞ்சலி. தொழிலே அதுதானே எனக்கு, எந்த ஊருக்குப் போனாலும் எவன் அடித்தது, எழுத்து எப்படி, கலர் எப்படி என்று கண் தானாகப் போகும். போனது. முகத்தை அகலமாக இழுத்து வைத்திருந்தார்கள். படத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். அம்மாவின் ஒற்றை மூக்குத்தி வலப்பக்கம் இருக்கும், அதில் இடப்பக்கம் இருந்தது. அதனால் முதலில் யாரோ அம்மா மாதிரி இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு பெயரைப் படித்தேன்.

ஒன்பது நாள் ஆகியிருந்தது.

உங்கள் தெரு முனைவரை வந்தேன். பந்தல் தெரிந்தது, நாற்காலிகள் தெரிந்தன. நீங்கள் சவரம் செய்யாத முகத்தோடு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தீர்கள். என் கையில் கல்யாணப் பத்திரிகையும் லட்டும். அதோடு துக்க வீட்டுக்குள் நுழைய முடியாது. எங்கேயாவது வைத்துவிட்டு வரலாம் என்று திரும்பினேன். திரும்பி நடக்க நடக்கத்தான் கோபம் வந்தது. ஒன்பது நாள் ஊருக்கே சொல்லியிருக்கிறான். சுவரில் ஒட்டியிருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நான் வேற்று ஆள் ஆகிவிட்டேனா? என் முகத்தைப் பார்த்தால் அவனே சொல்வானா, இல்லை ஏன் சொல்லவில்லை என்று நான் போய் அவனைக் கேட்பதா? பஸ் ஏறிவிட்டேன். லட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் "என்னங்க விசேஷம்?" என்றார்கள். மகளுக்குக் கல்யாணம் என்றேன்.

அந்த வாட்ஸப் பத்திரிகை என் மகன் ஜாவித் அனுப்பியது. என் போனில் இருந்த எல்லாருக்கும் தட்டிவிட்டான். தெரிந்த பிறகு நான் தடுக்கவில்லை. அது என் தப்பு. சாவுக்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை, நானே உள்ளே வந்திருக்க வேண்டும். வராததும் என் தப்பு. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் சொல்லியிருந்தால் அந்த அஞ்சலியை நான் அடித்திருப்பேன். மூக்குத்தி சரியான பக்கம் இருந்திருக்கும்.

ரஹ்மத்துல்லா


பெரம்பலூர்
26.06.2025

ரகமத்து,

எழுத வேண்டாம் என்று எழுதியிருந்தாய். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

உன் கடிதத்தை நான்கு நாள் மேசையில் வைத்திருந்தேன். நீ பொய் சொல்கிறாய் என்று நினைக்கத்தான் பார்த்தேன். அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஐந்தாம் நாள் அம்பிகா காபியை வைத்துவிட்டு, "படிச்சுட்டு அப்படியே ஒக்காந்திருக்கீங்க. அந்த டைரிய எடுத்துப் பாத்தா முடிஞ்சு போவுது. பாக்க பயமா இருக்கா?" என்றாள். பயமாகத்தான் இருந்தது.

பழைய நாட்குறிப்பு பரணில் கிடந்தது. செந்தில்குமார் கூப்பிட்ட எல்லாப் பெயருக்கும் எதிரே சிவப்புப் பேனாவில் சரி போட்டிருக்கிறான். 'ர' பக்கத்தில் முதல் பெயர் நீ. எதிரே சரி. எண்ணைப் பார்த்தேன். 971 என்று ஆரம்பிக்கிறது. ஷார்ஜா எண். நீ 2019இல் ஊருக்கு வந்து புது எண் கொடுத்தாய். நான் அதைப் போனில் மட்டும் ஏற்றிக்கொண்டேன், நாட்குறிப்பில் மாற்றவில்லை. அன்று என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது.

அன்று மாலையே செந்திலை வீட்டுக்கு வரச் சொன்னேன். மின்வாரிய வண்டியிலேயே வந்து இறங்கினான்.

"டேய், ரகமத்துக்குப் போன் பண்ணியா இல்லியா? உண்மையச் சொல்லு."

"பண்ணேன் மாமா. நல்லா ஞாபகம் இருக்கு. வெளிநாட்டு நம்பரா இருக்கேன்னு நெனச்சேன், சரி அவரு அங்கதான இருந்தாருன்னு போட்டேன்."

"எடுத்தது யாரு?"

"ஒரு ஆம்பளக் கொரல். கிருஷ்ணம்மா இறந்துட்டாங்க, ரஹ்மத்துல்லா சார்கிட்ட சொல்லிடுங்கன்னேன். அவுங்க உடனே இன்னா லில்லாஹின்னு சொன்னாங்க. அவுங்க ஆளுங்க சாவுக்கு அதானே மாமா சொல்லுவாங்க? சரி, வீட்டாளுதான், வெவரம் புரிஞ்சுபோச்சுன்னு வெச்சிட்டேன். அடுத்த நம்பரு போட்டேன். இன்னும் நாப்பது பேரு இருந்தாங்க."

முன்பின் தெரியாத ஒருவன் ஷார்ஜாவில் உட்கார்ந்து என் அம்மாவின் சாவைக் கேட்டிருக்கிறான். அதைச் சொன்னதாகக் கணக்கு வைத்துக்கொண்டு நான் மூன்று வருடம் உன்னை வைதிருக்கிறேன். செந்தில் போன பிறகு அம்பிகா சொன்னாள்: "மூணு வருஷம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க. ஏன்டா வரலன்னு ஒரு தடவ கேட்டிருந்தா வாயி வலிக்குமா?" கேட்டிருந்தால் என் கோபம் போயிருக்கும். போகக் கூடாது என்று நினைத்தேனோ என்னவோ.

உன் படிவத்தை இன்னும் சென்னைக்கு அனுப்பவில்லை. "சார், பதினஞ்சாம் தேதி தாண்டினா அடுத்த வருஷம்தான்" என்று வெற்றிச்செல்வி இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். காரணம் படிவம் மட்டும் இல்லை. பதினான்காவது அத்தியாயத்தை நான் இன்னும் மொழிபெயர்க்கவில்லை. உன்னிடம் முடித்துவிட்டதாக எழுதியது பொய். மற்ற பதினேழும் தயார். ஆங்கிலத்தில் நீர்நாய் மூன்று பக்கத்துக்கு எதை எதையோ பேசுகிறது. ஓடை உறைந்த கதை, மீன் கிடைத்த கதை. முள்ளெலி "நாரை எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒன்பது முறை எழுதிப் பார்த்தேன். நம் ஊரில் ஒரு சாவைச் சொல்ல மூன்று பக்கம் ஆகாது. வாசலில் வந்து நிற்பவன் முகத்திலேயே தெரிந்துவிடும். முகம் தெரியாமல் சொல்லும் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மன்னிப்பு என்று எழுதினால் நீ சிரிப்பாய். எழுதவில்லை.

சுதர்சன்


அரியலூர்
30.06.2025

மாப்ளே,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தைக் கடையில் உட்கார்ந்து படித்தேன். மேசையில் ஒரு காதுகுத்து பேனர், ஒரு பூப்புனித நீராட்டு, ஒரு கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். ஆள் வந்து தட்டினார்கள். "தொழுகைக்குப் போயிருக்காரு" என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனிதர்.

வீட்டுக்குப் போய் நஜீமாவிடம் படித்துக் காட்டினேன். செந்தில் சொன்ன இடம் வந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். "ரெண்டு பேருமே படிச்ச ஆளுங்க. ஆனா ஒருத்தரு டைரியத் திருத்தல, ஒருத்தரு படியேறல. இதுக்கு மூணு வருஷம்" என்றாள்.

பிறகு ஒரு காரியம் செய்தேன். அந்தப் பழைய எண்ணைக் கூப்பிட்டேன். என் எண்ணாக இருந்தபோது மனப்பாடமாக இருந்தது. எடுத்தவர் மலையாளி. திரூர்க்காரராம், ஷார்ஜாவில் ஒரு பழக்கடையில் வேலை. நான் தமிழில் மெதுவாகச் சொன்னேன்: மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவர் உங்களைக் கூப்பிட்டு ஒரு சாவுச் செய்தி சொன்னாரா என்று. "ஆ, ஓர்மையுண்டு", ஞாபகம் இருக்கிறது என்றார். "ஒரு தமிழன் விளிச்சு. அம்ம மரிச்சு, ஆரோடோ பறயணும்னு பறஞ்ஞு, பின்னே வெச்சு. திருப்பி விளிச்சேன், எடுத்தில்லா. ஆரோடு பறயும்? அன்னு இஷா தொழுகைக்கு நின்னப்போ அந்த அம்மைக்கு ஒரு துஆ செய்து."

திருப்பிக் கூப்பிட்டிருக்கிறார், யாரும் எடுக்கவில்லை, அன்று இரவுத் தொழுகையில் அம்மாவுக்காக வேண்டியிருக்கிறார். இதற்குமேல் அவர் என்ன செய்ய முடியும், சொல். யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தெரியாமல், சாவை மட்டும் கேட்டுவிட்டு நின்ற மனிதர். நன்றி சொன்னேன். வைக்கப் போகும்போது கேட்டார், "நிங்ஙள் ஆ அம்மயுடே மகனாணோ?"

ஆமா என்றேன்.

அவர் அந்தப் பக்கம் போனை வைக்காமலே இருந்தார்.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். அம்மா மௌத் ஆனது எனக்குச் சுவரிலிருந்து தெரிந்தது. அப்புறம் செந்தில் சொன்னதாக நீ சொல்லித் தெரிந்தது. இதில் எதுவும் எனக்குச் சொன்னதாக ஆகாது. நீ சொல்ல வேண்டும். எப்படி இருந்தார்கள், கடைசியில் என்ன சாப்பிட்டார்கள், யார் பக்கத்தில் இருந்தது, என்ன பேசினார்கள். துக்க வீட்டில் முதல் ஆளுக்குச் சொல்வது போல் முதலிலிருந்து சொல். நான் தூங்கிவிட்டேன் மாப்ளே. எழுந்திருக்கிறேன்.

பதினான்காம் அத்தியாயத்துக்குப் படம் வரைந்து பார்த்தேன். வாயைத் திறந்து பேசுவது போல் நீர்நாயை வரைந்தால் பொய்யாக இருக்கிறது. அழுவது போல் வரைந்தால் அதைவிடப் பொய். நீ சொல்லி நான் கேட்ட பிறகு ஒருவேளை வரும். இன்ஷா அல்லாஹ், பதினைந்துக்குள் வரட்டும்.

அஃப்ஷான் கேட்டாள் என்று உன் கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். இப்போது துபாயில் இருக்கிறாள். "அத்தா, மாமா என் நம்பரத் தடுக்கலியே. நான் பேசலாமா?" என்று கேட்கிறாள். முதலில் நான் பேச வேண்டும், நீ பொறு என்று சொல்லியிருக்கிறேன்.

ரகமத்து


பெரம்பலூர்
04.07.2025

ரகமத்து,

அம்மா இறந்துட்டாங்க.

2022 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால். பக்கத்தில் நானும் அம்பிகாவும் இருந்தோம்.

ஜூலை கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பெலும்பு. இந்த வயதில் அறுவை வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூடத்தில் ஜன்னலோரம் கட்டில் போட்டேன். முதல் இரண்டு நாள் வலியில் என்னை வைதுகொண்டே இருந்தார்கள். நான் தலையணையை நகர்த்தினால் "ஒனக்கு எதுதான் ஒழுங்கா வரும்" என்றார்கள். மூன்றாம் நாளிலிருந்து வையவில்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாப்பாடு குறைந்துபோனது. கம்பங்கூழ் கேட்டார்கள், இரண்டு வாய் குடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தெளிவாக இருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு, "ரகமத்து மவளுக்குக் கலியாணம் எப்ப?" என்றார்கள். அடுத்த மாதம் இருக்கும் என்றேன். "எனக்குப் பத்திரிக்க வெக்க வருவான்ல?" வருவான்மா என்றேன். "வந்தான்னா சாப்பிடாம அனுப்பாத. ஆறிப்போனது போடாத." அப்புறம் பீரோவில் அடித்தட்டில் ஒரு பச்சைப் பட்டுப் புடவை இருக்கிறது, அந்தப் பிள்ளைக்கு எடுத்து வைத்தது, கல்யாணத்துக்கு நீ கொண்டுபோய்க் கொடு என்றார்கள். அந்த வருடப் பொங்கலுக்கு எனக்குத் தெரியாமல் அம்பிகாவைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பேச்சு இல்லை. என் கையைப் பிடித்திருந்தார்கள், அவ்வளவுதான். செவ்வாய் காலை அம்பிகா பாலைத் தொட்டு உதட்டில் வைத்தாள். இறங்கியது. அடுத்த முறை வைத்தபோது இறங்கவில்லை. நான் அப்போதும் "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அம்பிகாதான் என் கையை எடுத்துவிட்டாள்.

புடவை இன்னும் அதே தட்டில் இருக்கிறது. மூன்று வருடமாக நான் கொடுக்கவில்லை. அம்மா சொன்ன கடைசி வேலை அது. ஒவ்வொரு முறை பீரோவைத் திறக்கும்போதும் கண்ணில் படும். நீ வராததை நினைத்துக்கொண்டு மூடிவிடுவேன். உன்னை வைவதில் எனக்கு ஒரு வசதி இருந்தது ரகமத்து. அம்மாவை நினைத்து அழ வேண்டிய நேரத்தில் எல்லாம் உன்மேல் கோபப்பட்டுவிட்டேன். நான் இன்னும் சரியாக அழவில்லை. பந்தலில்கூட வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்திரிகை அம்மா பெயருக்கு வந்தது என்று அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. அது போதும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இதை வாயால் சொல்லத்தான் கேட்டாய். நேற்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். முதல் வரி வருகிறது, இரண்டாவது வரவில்லை. அதனால் எழுதினேன். எழுதியதைத் தபாலில் போட்டால் அதுவும் போனில் தள்ளிவிட்ட பத்திரிகை மாதிரிதான். ஆகவே தபால் தலை வாங்கவில்லை, உறையை ஒட்டவும் இல்லை. பையில் புடவை இருக்கிறது, மேலே இந்தக் கடிதம். நாளைக் காலை முதல் பஸ்.

உன் கடைக்குள் வந்து இதை உன் கையில் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காருவேன். எதுவும் பேசமாட்டேன். நீ அவசரப்படாமல் படி. படித்து முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்.

சுதர்சன்